முதல் சிப்பந்தி

பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர்களில் பலர் உத்தியோகம் தேடி வந்தவர்கள். முதல் தேதியன்று சம்பளம் வாங்கியே பழகிய கை, பிறருக்குச் சம்பளம் கொடுக்க நேரும்போது சற்று நடுங்கத்தான் செய்கிறது. எங்கள் கை நடுங்கிய கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

நாங்கள் இருவர், கணவனும் மனைவியும். தலைநகர் தில்லியில், ராமகிருஷ்ணபுரம் பகுதியில், மலை மந்திர் என்று ஊரார் அழைக்கும் உத்தர சுவாமிமலைக் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், இட்லி மாவும் காப்பிப் பொடியும் விற்கும் சிறு கடை எங்களுடையது. 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் எங்களில் ஒருவருக்கு வேலை போயிற்று. மறு ஆண்டு, கையிருப்பைக் கொண்டு ஒரு கிரைண்டரும் ஒரு பழைய குளிர்பதனப் பெட்டியும் வாங்கினோம். அரிசி களைவதும், உளுந்து ஊற வைப்பதும், அரைப்பதும், பையில் நிரப்புவதும், வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும், கணக்கெழுதுவதும் நாங்களே. ஒரு வருஷத்தில் நாளொன்றுக்கு 40 கிலோ மாவு என்ற அளவுக்கு வியாபாரம் வளர்ந்தது. அதற்கு மேல் வளர இடமில்லை. தேவை இல்லாமற் போனதால் அன்று; எங்களுக்கு இருந்தவை நான்கே கைகள் என்பதால்.

ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்று கடை அரைக்கடை. இருவருக்கும் வந்தால் கடையே இல்லை. 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்படி ஐந்து நாள் கதவைச் சாத்தினோம். ஆறாம் நாள் திறந்தபோது, வாடிக்கையாக வாங்கும் மூன்று குடும்பங்கள் வேறு கடைக்குப் போயிருந்தன. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. காலையில் குழந்தைக்கு இட்லி வேண்டுமென்றால் நம் காய்ச்சலுக்காகக் காத்திருக்க முடியுமா? அன்றிரவுதான், ஆள் வைத்துக்கொள்வது என்ற பேச்சு எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுந்தது.

பேச்சு எழுந்தவுடன் ஊரிலிருந்து ஒரு யோசனையும் வந்து சேர்ந்தது. தூரத்து உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் இருக்கான். வயசு பதிமூணு. படிப்பு ஏறலை. கூட்டிட்டுப் போய்த் தொழில் கத்துக் குடுங்க. சம்பளம்கூட வேண்டாம், சோறு போட்டு, துணி எடுத்துக் குடுத்தாப் போதும்” என்றார். அவர் கெட்ட எண்ணத்துடன் சொல்லவில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் நம்மவர் கடைகளுக்குப் பையன்கள் இப்படித்தான் வந்தார்கள். பலகைக்கு அடியில் படுத்து, எச்சில் இலை எடுத்து, பின்னால் சொந்தக் கடை வைத்தவர்களின் கதைகளை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. பலகைக்கு அடியிலிருந்து எழுந்திராமலே போனவர்களின் கதைகளை எவரும் சொல்வதில்லை.

குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1986-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிறையாத எவரையும் எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக மீதி நேரத்திலோ விடுமுறையிலோ பிள்ளைகள் கைகொடுக்கலாம் என்று ஒரு விலக்கு உண்டு. பள்ளியை விட்டு நிறுத்தி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுவந்து மாவு அரைக்க விடுவது அந்த விலக்கில் அடங்காது. சட்டத்தைச் சொல்லி மறுத்தோம். உறவினர் எங்களோடு பேசாமல் இருந்தது எட்டு மாதம். பையன் இப்போது தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்சார வேலை பயில்கிறான் என்று கேள்வி.

சரி, ஆள் வேண்டும், எவ்வளவு கொடுப்பது? அண்டை அயலில் விசாரித்தால் ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். எல்லாத் தொகையும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழேதான் இருந்தது. ஒருவர் எங்கள் கணக்கைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தவர் கடையில் ஆண்டுக்கு நான்கு சிப்பந்திகள் மாறுவதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கணக்கு இதுதான். தேர்ச்சி பெறாத தொழிலாளிக்குத் தில்லி அரசு 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அறிவித்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 18,456 ரூபாய். நாங்கள் ஆள் வைத்த காலத்தில் தொகை இதைவிடக் குறைவு. ஆனால் கணக்கின் போக்கு ஒன்றே. அரிசி, உளுந்து, மின்சாரம், பை எல்லாம் போக ஒரு கிலோ மாவில் எங்களுக்கு நிற்பது ஏறக்குறைய 20 ரூபாய். அப்படியானால் மாதம் 923 கிலோ அதிகம் விற்றால்தான் ஒருவருடைய சம்பளம் தேறும். வார விடுமுறை போக 26 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 36 கிலோ. நாற்பது கிலோ விற்கும் கடை எழுபத்தாறு கிலோ விற்க வேண்டும். அதுவும் அவருடைய சம்பளத்துக்கு மட்டும். எங்களுக்கு ஒரு காசு மிஞ்சாது!

இந்தக் கணக்கைக் கண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். பிறகு எங்களில் கணக்கெழுதுபவர் ஒரு யோசனை சொன்னார்: மூன்று மாதச் சம்பளத்தைத் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டு வைப்போம். அந்தப் பணம் நம்முடையதன்று, வரப்போகிறவருடையது என்று எண்ணிக்கொள்வோம். மூன்று மாதத்துக்குள் வியாபாரம் ஏறாவிட்டால், முன்கூட்டியே சொல்லி, அவருக்கு வேறிடம் பார்த்துக் கொடுத்துவிட்டு, நாம் பழையபடி நான்கு கைகளோடு இருப்போம். 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவித்த கூலியில் அந்தத் தொகை 55,368 ரூபாய் ஆகும். அன்று அதற்காக ஒரு சிறு நகை அடகுக்குப் போயிற்று. அதைப் பற்றி விரித்துச் சொல்ல எங்களில் ஒருவருக்கு விருப்பமில்லை.

ஜூன் மாதக் கடைசியில் அவர் வந்தார். பிகாரில் தர்பங்கா மாவட்டத்தவர், வயது இருபத்திரண்டு, எங்களுக்குக் காய்கறி கொடுப்பவரின் ஊர்க்காரர். இட்லியை அதற்கு முன் உண்டிருந்தாரே தவிர, மாவைக் கண்டதில்லை. தமிழ் தெரிந்த ஆளாகப் பார்க்கக் கூடாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். பார்த்தோம், கிடைக்கவில்லை. கிடைக்காததும் நல்லதுதான் என்று இப்போது படுகிறது. தமிழ் தெரிந்தவரானால் நாங்கள் எதையும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டோம். அவருக்கே தெரியும் என்று விட்டிருப்போம்.

வேலைக்கு வந்த மூன்றாம் நாள், அக்டோபர் 26-ஆம் தேதியிலிருந்து எட்டு நாள் விடுப்பு வேண்டும் என்று கேட்டார். எங்களுக்குச் சுருக்கென்றது. வந்து மூன்று நாள் ஆகவில்லை. நான்கு மாதம் கழித்து வரும் பண்டிகைக்கு இப்போதே விடுப்பா? தீபாவளிக்கு ஆறாம் நாள் வருவது சத் பூஜை. மறையும் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் நீரில் நின்று அர்க்கியம் கொடுக்கும் அந்தப் பண்டிகைக்குப் பிகார்க்காரர் எங்கிருந்தாலும் வீடு போய்ச் சேர்வார். அக்காலத்தில் ரயிலில் 120 நாட்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். 2024 நவம்பரிலிருந்துதான் அது 60 நாளாகக் குறைந்தது. அவர் கேட்ட தேதிக்கு முன்பதிவு தொடங்கியிருந்தது. ஒரு நாள் தாமதித்தால் நின்றுகொண்டு போக வேண்டியதுதான்.

முகத்தைச் சுளித்தபடியே “பார்க்கலாம்” என்றோம். அன்றிரவு கைப்பேசியில் நாட்காட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நாங்களே எண்ணிக்கொண்டிருந்தோம்: பொங்கலுக்குக் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் முன்பதிவு எந்தத் தேதியில் தொடங்கும் என்று. எண்ணிக்கொண்டிருந்த விரல் நடுவில் நின்றது. மறுநாள் காலை அவருக்குச் சீட்டு வாங்க முன்பணம் கொடுத்தோம். சூரியனுக்கு நாம் பொங்கல் வைக்கலாம், அவர் அர்க்கியம் கொடுக்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

தொழில் கற்றுக்கொடுப்பது எளிதாக இல்லை. பல ஆண்டுகளாகக் கை தானாகச் செய்யும் காரியத்தை வாயால் சொல்ல முற்பட்டபோதுதான், நமக்கே அது சரியாகத் தெரியாது என்று தெரிந்தது. உளுந்து எவ்வளவு நேரம் அரைய வேண்டும்? “பதம் வரும் வரை.” பதம் என்றால் என்ன? எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அரைத்த உளுந்தில் ஒரு துளியை அதில் இட்டுக் காட்டினோம். மிதந்தால் சரி; அமிழ்ந்தால் இன்னும் அரைக்க வேண்டும். அவருக்கு உடனே விளங்கிற்று. கோடையில் கிரைண்டருக்கு ஐஸ் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் அரைக்கும்போதே மாவு சூடேறிப் புளிக்கத் தொடங்கிவிடும் என்பதையும், உப்பிட்டுக் கையால்தான் கலக்க வேண்டும் என்பதையும் அவர் இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டார்.

குளிர்காலம் வேறு பாடம். தில்லியின் ஜனவரியைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இரவில் 5 டிகிரிக்கும் கீழே போகும் குளிரில் மாவு காலையில் கல்லைப் போலக் கிடக்கும். மரப்பெட்டி ஒன்றுக்குள் மாவுப் பாத்திரங்களை வைத்து, நடுவில் வெந்நீர்க் குடத்தை இறக்கி, மேலே கம்பளிப் போர்வை போர்த்தி மூடுவது எங்கள் வழக்கம். விடியற்காலை நான்கு மணிக்கு ஒருமுறை வெந்நீர் மாற்ற வேண்டும். அந்த வேலையை அவர் தாமாகவே ஏற்றுக்கொண்டார். அதற்கு ஈடாக மாலையில் சீக்கிரம் போய்விடுவார்.

இனி, சொல்லக் கூச்சமான பகுதிக்கு வருகிறோம்.

2023-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு நாள் கல்லாவில் 2,000 ரூபாய் குறைந்தது. மூன்று முறை எண்ணினோம். எங்களில் ஒருவர் மற்றவரிடம் தமிழில் சொன்னார்: “பணத்தைப் பையன்தான் எடுத்திருக்கணும்.” யார் சொன்னது என்பதை இங்கே வெளியிடப் போவதில்லை. சொன்னவர் ஒருவர், மறுக்காதிருந்தவர் மற்றவர், அவ்வளவுதான் வித்தியாசம். அவர் ஐந்தடி தூரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தமிழ்தானே, அவருக்கு என்ன புரியும் என்ற தைரியம் எங்களுக்கு.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கெல்லாம் உள்ள தைரியம் இது. பேருந்திலும் மின்சார ரயிலிலும், எதிரே இருப்பவரைப் பற்றியே அவருக்கு முன்னால் பேசிச் சிரிக்கிறோம். தாய்மொழியை ஒரு திரைச்சீலையாகப் பயன்படுத்துகிறோம்.

ஏழு மாதத்தில் அவருக்கு முப்பது, நாற்பது தமிழ்ச் சொற்கள் தெரிந்திருந்தன. மாவு, உப்பு, போதும், சீக்கிரம், பணம். ‘பையன்’ என்பதும் தெரியும். முதல் சில வாரங்கள் அதை இந்தியில் அண்ணனைக் குறிக்கும் ‘பையா’ என்றே எண்ணி உள்ளூர மகிழ்ந்திருந்தாராம். பிறகு பொருள் தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று அந்த இரண்டு சொற்களும் ஒரே வாக்கியத்தில் வந்தன. எங்கள் குரலும் தாழ்ந்திருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் இருந்தவற்றை மேஜைமேல் எடுத்து வைத்தார். நாற்பது ரூபாய், ஒரு சாவி, மடித்த ஒரு காகிதம். பிறகு மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான்கு மணிக்கு எழுந்து வெந்நீர் மாற்ற மறந்து, இரண்டு நாளும் மாவு பொங்காமல் பாதிக்குமேல் வீணாயிற்று. இரண்டாம் நாள் மாலை உளுந்து மூட்டையை நகர்த்தியபோது, அதனடியில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. உளுந்து கொண்டுவந்தவருக்கு ரொக்கமாகக் கொடுத்தது ரூபாய் 2,000 என்று எங்களில் ஒருவர் கைப்பட எழுதியது. கணக்கில் ஏற்ற மறந்த சீட்டு!

முனிர்காவின் சந்துகளில் விசாரித்து அவருடைய அறையைக் கண்டுபிடித்தோம். ஆறு பேர் தங்கும் அறை. இருவரும் வாசலில் நின்று, எங்களுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் மன்னிப்புக் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நான் தினமும் அம்மாவுடன் கைப்பேசியில் மைதிலியில் பேசுகிறேனே, உங்களைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று நினைத்ததுண்டா?” என்று கேட்டார். நினைத்ததுண்டு. ஒப்புக்கொண்டோம். “அரிசி விலை என்ன, தங்கை பரீட்சை எழுதினாளா என்றுதான் பேசுகிறேன்” என்றார். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் தமிழுக்குப் பக்கத்தில், 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இடம்பெற்ற மொழி மைதிலி. எங்கள் கடையில் அதற்கு அதுவரை மரியாதை கிடைக்கவில்லை.

மறுநாள் காலை நான்கு மணிக்கு வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் சில காரியங்களை மாற்றிக்கொண்டோம். அவரைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறோம். அவர் எங்களை அண்ணா, அக்கா என்கிறார். அவர் இருக்கும்போது பணத்தைப் பற்றியோ அவரைப் பற்றியோ இந்தியில்தான் பேச்சு. எங்கள் இந்தியைக் கேட்டு அவர் சிரிப்பதைப் பொறுத்துக்கொள்கிறோம். இரவு கல்லாவை எண்ணும்போது மூவரும் உடனிருந்து, நோட்டில் மூவரும் கையெழுத்திடுகிறோம். சில்லறைக் கொள்முதலும் அன்றே அதில் ஏற வேண்டும்.

வேலை நேரம், வார விடுமுறை, சம்பளம், ஆண்டு விடுப்பு, முன்பணம் ஆகியவற்றை இந்தியில் ஒரு தாளில் எழுதி, இருவரிடமும் ஒரு பிரதி வைத்துக்கொண்டதும் அதற்குப் பிறகுதான். முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம். மாவு மிகுதியாக விற்பது ஞாயிற்றுக்கிழமை; ஆகவே விடுமுறை செவ்வாய். சட்டம் பற்றி ஒரு வார்த்தை. கடைகள் பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: தில்லியில் 1954-இலும், கர்நாடகத்தில் 1961-இலும், மேற்கு வங்கத்தில் 1963-இலும், மகாராஷ்டிரத்தில் புதிதாக 2017-இலும் இயற்றப்பட்டது. பதிவு, வேலை நேரம் பற்றிய விதிகளைப் பல மாநிலங்கள் அண்மையில் திருத்தியிருக்கின்றன; ஆகையால் ஊர் நண்பர் சொன்னதை நம்பாமல், நீங்கள் இருக்கும் இடத்துத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்பது நல்லது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றுள் ஊதியம் பற்றிய தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும்; ஒருவர் விலகினாலோ விலக்கப்பட்டாலோ, இரண்டு வேலை நாளுக்குள் கணக்கைத் தீர்க்க வேண்டும்.

வருங்கால வைப்பு நிதி பொதுவாக 20 பேரும், ஈட்டுறுதி மருத்துவக் காப்பு 10 பேரும் உள்ள இடங்களுக்கே கட்டாயம். ஒரே ஒரு சிப்பந்தி உள்ள கடைக்கு இரண்டும் இல்லை. ஆனால் கொதிக்கும் வெந்நீரும் சுழலும் கிரைண்டரும் ஆள் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை அல்லவா? வங்கிக் கணக்கு வழியே சேரக்கூடிய பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று 2015 முதல் இருக்கிறது. ஆண்டுக்கு 20 ரூபாய் சந்தாவுக்கு இரண்டு லட்சம் ரூபாய்க் காப்பு. அவருக்கும் கட்டினோம், எங்களுக்கும் கட்டினோம். ஒரு கிலோ மாவில் நிற்கும் லாபம்தான் ஆண்டுச் சந்தா என்று கண்டபோது, இத்தனை நாள் கட்டாமலிருந்ததற்கு வெட்கமாக இருந்தது.

அடகு வைத்த நகை 2023 ஆகஸ்டில் திரும்பி வந்தது. 76 கிலோ என்ற எண்ணிக்கையை எட்ட மூன்று மாதம் போதவில்லை. ஏழு மாதம் ஆயிற்று. அந்த இடைவெளியில் தனிக் கணக்கிலிருந்த பணம் மெல்லக் கரைந்து, ஒரு சமயம் 1,100 ரூபாய் வரை இறங்கியது. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மாலையில் தம் ஊர்க்காரர்கள் வேலை செய்யும் இரண்டு சிற்றுண்டி வண்டிகளுக்குத் தோசை மாவு கொண்டுபோய்க் கொடுத்தார். நாங்கள் எண்ணியும் பார்த்திராத வாடிக்கை.

இப்போது இரண்டாவது சிப்பந்தி வரப்போகிறார். அருகிலுள்ள குடியிருப்பைச் சேர்ந்த பெண்மணி. காலை பத்து மணி முதல் வேலை. பெண்ணுக்கு ஏன் அதே சம்பளம் என்று பழைய நண்பர் மறுபடியும் சிரித்தார். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்பது 1976 முதல் இந்நாட்டில் சட்டம் என்று சொல்லி, அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினோம். மூன்று மாதச் சம்பளம் தனிக் கணக்கில் சேர்ந்துவிட்டது. இம்முறை நகை எதுவும் வெளியே போகவில்லை. உளுந்துப் பதத்தைப் புதியவருக்குக் கற்றுக்கொடுப்பது தம் பொறுப்பு என்று அவர் சொல்லியிருக்கிறார். கிண்ணத்தையும் தண்ணீரையும் நேற்றே எடுத்து வைத்துவிட்டார். குளிர் வருவதற்குள் கம்பளிப் போர்வையைத் துவைத்துக் காய வைக்க வேண்டும் என்றும் எங்களுக்கு நினைவூட்டியிருக்கிறார்.